கடைசி வார்த்தைக்கு முன்னால்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. 'சரி' என்ற வார்த்தை. தண்ணீர் கேட்பதற்கும் அதைத்தான் சொன்னார், தண்ணீர் போதும் என்பதற்கும் அதைத்தான் சொன்னார். மின்விசிறியைக் குறை, முதுகு வலிக்கிறது, டாக்டர் போய்விட்டாரா, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தையும் அதுவே என்பதால், ஆஸ்பத்திரியில் முதலில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைப்பார்கள். உண்மையிலேயே தெரியவில்லை.

கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பேச்சு மட்டும் வரவில்லை. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. புரிந்தது என்பதை அந்த ஒற்றை வார்த்தையையே ஏற்றி இறக்கிச் சொல்லிக் காட்டினார். அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் ஆட்டோவில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். என் மகளைவிடச் சின்னவள், மகா பொறுமைசாலி. வாழைப்பழப் படத்தைக் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கேள்வி கேட்டால் எனக்கு விடை வந்தாக வேண்டும். இரண்டு தடவை 'வாழைப்பழம்' என்று நானே சொல்லிவிட்டேன். அதன்பின் பயிற்சி நேரத்தில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண்தான் ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு, "அங்கிள் வீட்ல சாதாரணமா பேசினது எதாவது ரெக்கார்ட் ஆகியிருக்கா ஆன்ட்டி? மேடைப் பேச்சு வேண்டாம். சாவி எங்க, காபி ஆச்சா, அந்த மாதிரி" என்று கேட்டாள்.

அவருடைய குரலிலேயே, அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வாக்கியங்களைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். கடைசி வார்த்தைக்கு முன்னால் சட்டென்று நிறுத்திவிட வேண்டுமாம். பழகிய வாய் சில சமயம் தன்னையறியாமல் மீதியைச் சொல்லி முடித்துவிடும் என்றாள். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், சிலருக்குப் பலன் தந்திருக்கிறது என்றாள். ஆனால் முதல் சில மாதங்கள் முக்கியம், நாள் போகப் போகக் கொஞ்சம் கஷ்டம் என்பதையும் சொன்னாள். அந்தக் கடைசி வாக்கியம் ஒன்று போதாதா எனக்கு? அன்றிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

குரலுக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைத்தேன். அவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கொள்முதல் பார்த்தவர். மகள் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு தீபாவளிக்குக் கைக்கடக்கமான வீடியோ கேமரா ஒன்றை வாங்கி வந்தார். உள்ளங்கையைச் சுற்றி வார் போட்டுக்கொள்ளும் வகை. அது வந்த பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் அவரைப் பார்க்க முடியாது. கேமராவுக்குப் பின்னால் போய்விடுவார். மகள் கல்யாணத்தில்கூட மாலை மாற்றும்போது அவர் தோளைப் பிடித்து இழுத்து நிற்க வைக்க வேண்டியிருந்தது. கேமரா எப்போதோ உயிரை விட்டுவிட்டது. ஆனால் எடுத்ததையெல்லாம் வருடா வருடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, மஞ்சள் பையில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்திருந்தார். படத்தில் அவர் இருக்க மாட்டார். அதனால் என்ன? மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அவர் வாய்தான்.

மடிக்கணினியில் டிஸ்க்கைச் செருகி, ஒரு கோப்பைத் திறந்தேன். மகள் பாவாடை தாவணியில் கோலம் போடுகிறாள். கோலம் போடுகிறாள், போட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒரு சத்தம் இல்லை. வேறொன்றைத் திறந்தேன். தேர்வடம் பிடிக்கிறார்கள். கபாலி கோவில் மாட வீதி முழுக்கக் கூட்டம், எல்லோரும் வாயைத் திறக்கிறார்கள், ஊமைப்படம். ஒலியைக் கூட்டினேன், கணினியை அணைத்துப் போட்டேன், ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். பக்கத்தில் நாற்காலியில் இருந்தவர் "சரி" என்றார். அதில் ஆறுதல் இருந்ததா கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். எப்படியும் வாக்கியம் வாக்கியமாக வெட்ட வேண்டும், அதனால் எடிட்டிங் மென்பொருளே இறக்கிக்கொள், அதில் சத்தமும் வரும் என்றாள். இறக்கினேன். முதல் மென்பொருள் படத்தின் குறுக்கே தன் பெயரைப் பட்டையாக எழுதிவிட்டது. போகட்டும், எனக்குப் படமா முக்கியம்? ஆனால் அதிலும் சத்தம் இல்லை. இரண்டாவது, கோப்பைப் பார்த்ததும் அப்படியே உறைந்து நின்றது. கேமராவோடு வந்த குறுந்தகடு ஒன்று இருந்தது. அதைப் போட இந்தக் கணினியில் வாயே இல்லை. மூன்றாவது மென்பொருள் கொஞ்சம் இணக்கமாக நடந்துகொண்டது. வெட்டவும் ஒட்டவும் விட்டது. சத்தம் மட்டும் அதற்கும் வராது. இணையத்தில் தேடினால், என்னைப்போலவே யார் யாரோ கேட்டிருந்தார்கள், பதில் சொன்னவர்கள் ஆளுக்கொரு மென்பொருளை அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

சும்மா உட்கார எனக்கு வராது. சத்தம் வரும்வரை வெட்டவாவது பழகிக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். முதலில் வெட்டத் தோதாக அகப்பட்டவர் பிள்ளையார். கல்யாண வீடியோ எதுவானாலும் பிள்ளையாரைக் காட்டித்தான் ஆரம்பிப்பார்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் கணவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காதுகுத்தோ, பிறந்தநாளோ, புது ஃபிரிட்ஜ் வந்து இறங்குவதோ, வீட்டு விசேஷம் எதை எடுப்பதானாலும் முதலில் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று பிள்ளையார் படத்தை எடுப்பார். சின்னதாக அல்ல. எல்லோரும் தயாராகும்வரை கேமராவை அவர்மேலேயே வைத்துக்கொண்டு நிற்பார். மாலை போட்ட பிள்ளையார், மாலை போடாத பிள்ளையார், ஊதுபத்திப் புகையில் பிள்ளையார். சத்தமில்லாமல் அசையாமல் நிற்கும் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்தக் கோப்புகளில் எல்லாம் தலைப்பக்கத்தை நறுக்கித் தள்ளினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் செய்தேன். நல்லவேளை, இந்த மென்பொருள்களில் எத்தனை வெட்டினாலும் மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

பிறகு கடை கடையாக ஏறினேன். பக்கத்து வீட்டு அம்மாளை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு மதியங்களில் கிளம்புவேன். தி.நகரில் ஒரு கணினிக் கடைக்காரர் எனக்கு மென்பொருளின் மகிமைகளைக் காட்டினார். வானத்தை மாற்றலாமாம், பல்லை வெள்ளையாக்கலாமாம், நடப்பவரைப் பறக்க வைக்கலாமாம். பேசுபவரைப் பேச வைக்குமா என்று கேட்டேன். அதற்கென்ன, எல்லாம் வைக்கும், ஆனால் உங்கள் மடிக்கணினி தாங்காது, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அசோக் நகரில் ஒருவர் டிஸ்க்கை வைத்துவிட்டுப் போங்கள், எல்லாவற்றையும் மாற்றி வைக்கிறேன் என்றார். வைத்துவிட்டுப் போவதா? மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் குரல் என்று உலகத்தில் இருந்தது அந்தப் பைக்குள் இருந்தது மட்டும்தான்.

கடைசியில் வடபழனியில் ஒரு மிக்ஸிங் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுத் தரும் இடம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு குளிரூட்டிய பொந்து. என் வயதுக்காரர் ஒருவர் இரண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றி ரோஜா இதழ்களை வரவழைத்துக்கொண்டிருந்தார். என் டிஸ்க்கைத் தன் கணினியில் செருகி, கோலம் போடும் மகளைத் திறந்தார்.

"இப்போது மார்கழிக் காலைப் பொழுதிலே, நமது இல்லத்தின் இளவரசி வண்ணக் கோலம் தீட்டிக்கொண்டிருக்கிறார்..."

அவர் குரல். நான் பிடித்துக்கொள்ள எதையோ தேடினேன், ஒரு ஸ்டூல்தான் கிடைத்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரல் வாக்கியம் வாக்கியமாக, எங்கும் தடுக்காமல் வந்துகொண்டிருந்தது. அழுதேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும், அழுதேன். கடைக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ஒலியைச் சட்டென்று கீழே இழுத்து, பழைய சவுண்டு இரைச்சலாக இருக்கிறது, இதை எடுத்துவிட்டு நல்ல பாட்டாகப் போட்டுவிடலாம் என்றார். அவர் தொழிலில் அதுதான் முறை. ஆட்கள் பேசுவதையெல்லாம் துடைத்துவிட்டு, வீடியோ முழுக்கப் பாட்டுப் போடுவது. எங்கள் கல்யாண வீடியோவிலும் ஒருவர் பேசியதும் மிஞ்சவில்லை, நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும்தான். அவர்மேல் கோபப்பட்டிருக்க வேண்டாம். ஆனால் நான் பட்டேன். கையை எடுங்கள் என்று வகுப்பறைக் குரலில் சொல்லிவிட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ரோஜா இதழ்களை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "இன்னாம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? படம் ஒரு பொட்டலம், சவுண்டு ஒரு பொட்டலம். இந்தக் கேமராகாரன் சவுண்ட வேற மாதிரி கட்டி வச்சிகீறான். ஓசி சாப்ட்வேருக்கு அத அவுக்கத் தெரியாது" என்றார்.

எந்த மென்பொருளுக்கு அவிழ்க்கத் தெரியும் என்பதையும், என் கணினி தாங்கும் அளவுக்கு அதில் எது சின்னது என்பதையும் சொன்னார். காசு கொடுத்து வாங்க வேண்டியது. வாங்கும்முன் ஒரு கோப்பைப் போட்டுச் சத்தம் வருகிறதா பாருங்கள் என்பதையும் சொன்னார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை இறக்கினேன். கூடத்தில் அவர் குரல் ஒலித்தது. நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், யாரோ விருந்தாளி வந்துவிட்டதுபோல.

சத்தம் வந்துவிட்டது. இனி வெட்ட வேண்டியதுதான் பாக்கி என்று உட்கார்ந்தால், வந்து சேர்ந்தது வேறு தலைவலி. கேமராவைக் கையில் எடுத்தாலே இந்த மனிதர் வானொலி அறிவிப்பாளர் ஆகிவிடுவார் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. 'அன்னை அவர்கள் அடுக்களையிலிருந்து வெளிவருகிறார்.' 'வடைகள் பொன்னிறமாகப் பொரிந்துகொண்டிருக்கின்றன.' இதில் எதை வெட்டி, எதை அவர் வாயில் போட? வாழ்நாளில் ஒரு நாளும் அவர் என்னிடம் அன்னை அவர்களே என்று காபி கேட்டதில்லை. எடிட்டிங் மேசையில் நாளெல்லாம் உட்கார்ந்தும் சாதாரணப் பேச்சு என்று ஒரு வாக்கியம் தேறவில்லை. நாட்காட்டியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அடையாறுப் பெண் கிடைத்ததா ஆன்ட்டி என்று கேட்கும்போதெல்லாம் அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

பிள்ளையார்மேல் என் கை பட்டது தற்செயல். அன்று பிள்ளையார் சதுர்த்தி. ஒரு கோப்பைப் போட்டுவிட்டு, புது மென்பொருளிலும் முதல் வேலையாக நறுக்கிவிடும் தலைப்பக்கத்தை வெட்ட மறந்து கொழுக்கட்டைக்கு மாவு பிசையப் போய்விட்டேன். அடுக்களையில் இருந்தபோது கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"இந்தா, என் கண்ணாடிய எங்க வச்ச?"

மாவுக் கையோடு ஓடி வந்தேன். நாற்காலியில் அவர் வாய் மூடியிருந்தது. திரையில் பிள்ளையார் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து, இல்லை, அவருக்கு எதிரிலிருந்து, ஒரு வீடே பேசிக்கொண்டிருந்தது. கேமரா சாமியைப் பார்க்கிறது, நம்மைப் பார்க்கவில்லை என்ற நினைப்பில் எல்லோரும் இஷ்டத்துக்குப் பேசியிருக்கிறோம். அவரும்தான். 'பால்காரன் வந்தானா?' 'இந்தச் சட்டைக்குப் பட்டன் இல்ல பாரு.' 'வெயில் ஏறதுக்குள்ள கிளம்பணும்.' கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அதுவும் வெண்ணெயை வெட்டி எறிந்துவிட்டு.

பிள்ளையார்களை எல்லாம் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன். மென்பொருளில் குரல் கீழே ஒரு கோடாக ஓடும். பேசும் இடத்தில் பருத்து, நிறுத்தும் இடத்தில் இளைத்துப்போகும். பார்த்துப் பார்த்து, எந்தப் பருமன் எந்த வார்த்தை என்று கண்ணுக்கே பிடிபட ஆரம்பித்தது. கடைசி வார்த்தைக்கு முன்னால் இளைத்திருக்கும் இடத்தில் வெட்டுவேன். அடையாறுப் பெண் கேட்டுவிட்டு, இதைவிட நல்லது கிடைக்காது ஆன்ட்டி என்றாள். காலையிலும் மாலையிலும் அவரை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"இந்தா, என் கண்ணாடிய எங்க..."

"சரி."

"பால்காரன்..."

"சரி."

நாட்கள் போயின. அவர் சலிக்காமல் உட்கார்ந்தார். தன் குரலையே மரியாதையோடு கேட்டுவிட்டு, யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். எனக்குப் பொறுமை போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன், ஏனென்றால் வாயைத் திறந்தால் 'வந்தானா' என்று நானே முடித்துவிடுவேன். இவ்வளவு அலைந்து, இவ்வளவு வெட்டி, ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற பயம் வந்துவிட்டது. இனிமேல் இவர் என்னோடு பேசவே போவதில்லை என்ற பயம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் என்ன செய்வது என்று தெரியாது.

ஒரு பிற்பகல், இன்னும் வேறு வாக்கியம் இருக்கிறதா என்று மகளின் நிச்சயதார்த்தத்தைத் திறந்தேன். வீட்டிலேயே நடந்தது அது. காலையில் மகளை அலங்கரிக்க வர வேண்டியவள் நேரத்துக்கு வராததால் நான் மகளோடு அறைக்குள் மாட்டிக்கொண்டேன். அடுப்படியில் நின்று அத்தனை பேருக்கும் கேசரி கிண்டியவர் இவர். மூக்கில் முந்திரி வாசம் அடித்த பிறகுதான் எனக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணைப் பெற்றவன் கரண்டி பிடித்தான் என்று தெரிய வேண்டாம், பெண் செய்ததாகவே சொல்லிவிடு என்றவரும் அவரே. சம்பந்தி வீடு என்றால் பலகாரமெல்லாம் பெண் கைப்பக்குவம் என்று சொல்வதுதானே வழக்கம். நானும் சொன்னேன். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவர் எனக்குப் பின்னால் காபியோடு உட்கார்ந்திருந்தார். பயிற்சி நேரம் இல்லை என்பதால் நான் அவரைக் கவனிக்கவில்லை. பிள்ளையார் பட்டு மாலையோடு நின்றார். அந்த இடத்தில் இவர் குரல் இல்லை. சம்பந்தியம்மாளின் குரலும் என் குரலும்தான். கேசரி வாயில் கரைகிறதே, யார் செய்தது என்று அந்த அம்மாள் கேட்கிறார். "எல்லாம் உங்க மருமக கைதாங்க. காலைலேர்ந்து அவதான் நின்னு கிண்டினா" என்று நான் கூசாமல் அளக்கிறேன். நமக்கு உபயோகமில்லாத இடம். வெட்டுவதற்குச் சுட்டியை நகர்த்தினேன்.

பின்னால் டம்ளர் 'ணங்' என்று மேசையில் விழுந்தது.

"நா..."

திரும்பினேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இடது கையால் தன் மார்பைத் தட்டினார். வாய் ஒருபக்கம் கோணி, எதையோ தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவரப் பார்த்தது. சொல்லிக்கொடுக்க என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நா...ன்."

இத்தனை நாள் அவர் குரலைத் தேடி ஊரெல்லாம் சுற்றி, வாக்கியம் வாக்கியமாக நறுக்கி அவர் முன்னால் வைத்திருக்கிறேன். அது எதற்கும் அசையாதவர் என் பொய்க்கு அசைந்திருக்கிறார். ஆமாம் நீங்கள்தான், நீங்கள்தான் செய்தீர்கள் என்று காலைக் கட்டிக்கொண்டு சொல்லத் தோன்றியது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், 'சரி' என்றுவிடுவார். எனக்கு அது போதாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, என்னால் முடிந்த அளவு அலட்சியமாகக் கேட்டேன்.

"யாரு, நீங்களா? நம்ம பொண்ணுதானே கிண்டினா?"

அவருக்குக் கோபம் வந்தது. கண்ணெல்லாம் சிவந்தது. "இல்ல" என்றார். "நான்."